அரையை விடப் பெரிசா, சின்னதா?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை இருந்தால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஐந்து கேள்வி கேட்கிறேன். விடையை மட்டும் எழுதினால் போதும்.

முதல் கேள்வி: மைனஸ் 5 மைனஸ் 8 எவ்வளவு? இரண்டாவது: அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? மூன்றாவது: 3.45 பெரிதா, 3.6 பெரிதா? நான்காவது: 0.2-ஐ 0.3-ஆல் பெருக்கினால் எவ்வளவு? ஐந்தாவது: 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஒரு பொருளின் விலை 1,180 ரூபாய். வரி சேர்க்காத விலை என்ன?

தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் பேச்சினூடே வரும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்க் குறைந்தால் "இயற்கணிதம் வரலை", "திரிகோணமிதி வரலை" என்கிறோம். விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். சூத்திரம் சரியாக இருக்கும், எண்களை இட்டதும் சரியாக இருக்கும். அடுத்த வரியில் ஒரு மைனஸ் தொலைந்திருக்கும், அல்லது ஒரு பின்னத்தைத் தப்பாகக் கூட்டியிருப்பார்கள். இதெல்லாம் ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்பு வேலை. திரிகோணமிதிக்கு எத்தனை டியூஷன் வைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது, ஏனென்றால் ஓட்டை இருக்கிற இடம் அது இல்லை.

ஒரே ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்ப்போம். 2 எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் 3 எக்ஸ், மைனஸ் 5, சமம் பூஜ்யம். இது இருபடிச் சமன்பாடு. இதைத் தீர்க்கிற சூத்திரத்துக்கு ஏ 2, பி மைனஸ் 3, சி மைனஸ் 5. பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி கண்டுபிடிக்க வேண்டும். மைனஸ் 3-ஐ மைனஸ் 3-ஆல் பெருக்கினால் 9. 4, 2, மைனஸ் 5 மூன்றையும் பெருக்கினால் மைனஸ் 40. ஒன்பதிலிருந்து மைனஸ் 40-ஐக் கழித்தால் 49. அதன் வர்க்கமூலம் 7. மூன்றோடு 7-ஐக் கூட்டியும் கழித்தும் 4-ஆல் வகுத்தால், விடைகள் இரண்டரையும் மைனஸ் ஒன்றும்.

வழுக்குகிற இடம் இதில் இரண்டு. அடைப்புக்குறி போடாமல் மைனஸ் 3 ஸ்கொயர் என்று எழுதுகிற பிள்ளை அதை மைனஸ் 9 என்று எடுத்துக்கொள்ளும். மைனஸ் 9-உம் 40-உம் சேர்ந்து 31 வரும். அதற்கு முழு வர்க்கமூலம் கிடையாது. "கணக்கே தப்பு போல" என்று பிள்ளை விட்டுவிடும். இன்னொரு பிள்ளை, சூத்திரத்தில்தான் ஏற்கெனவே ஒரு மைனஸ் இருக்கிறதே என்று சி-யின் மைனஸை விழுங்கிவிடும். 9 கழித்தல் 40, மைனஸ் 31. மெய்யெண் மூலங்கள் இல்லை என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

மைனஸுக்கு இரண்டு வேலை இருக்கிறது. எண்ணோடு ஒட்டிக்கொண்டு அதன் குறியாக நிற்பது ஒன்று, 'கழி' என்று சொல்வது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் சிக்கல். அதற்கு மருந்தாக நாம் ஒரு மந்திரம் கொடுத்திருக்கிறோம்: "மைனஸும் மைனஸும் பிளஸ்". அந்த மந்திரமே பல பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. முதல் கேள்விக்கு 13 என்று எழுதியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இரண்டு மைனஸைக் கண்டதும் மந்திரத்தைச் சொல்லிவிட்டார்கள். மைனஸ் 5 மைனஸ் 8 என்றால் மைனஸ் 13. ஐந்து ரூபாய் கடன், அதற்கு மேல் எட்டு ரூபாய் கடன். மந்திரம் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. கழித்தலில், ஒரு மைனஸ் எண்ணையே கழிக்கும்போது மட்டும் கூடும். ஏன் கூடுகிறது என்பதையும் காட்டிவிடலாம்: 9-இல் 2 போனால் 7, 1 போனால் 8, பூஜ்யம் போனால் 9. கழிக்கிற எண் ஒன்று குறையக் குறைய விடை ஒன்று ஏறுகிறது. அப்படியானால் அடுத்த படியில் மைனஸ் 1 போனால் 10. இதைப் பிள்ளை தன் கையால் ஒரு தடவை எழுதிப் பார்த்தால் மந்திரமே தேவைப்படாது. எண்ணை இடும்போதெல்லாம் மைனஸ் எண்ணுக்கு அடைப்புக்குறி போடுகிற பழக்கமும் வேண்டும். அரை விநாடி வேலை, ஐந்து மார்க்கைக் காப்பாற்றும்.

அடுத்தது பின்னம். எல்லாவற்றையும் விடப் பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது.

அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளைகள் உயர்நிலை வகுப்பிலும் இருக்கிறார்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. அந்தப் பிள்ளையிடம் விதியைத் திருப்பிச் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எய்யா, இது அரையை விடப் பெரிசா, சின்னதா?" ஐந்தில் இரண்டு அரையை விடச் சின்னது. அரைக் கருப்பட்டியோடு இன்னும் கொஞ்சம் கருப்பட்டி சேர்த்தால் அரையை விடக் குறையுமா? பிள்ளை தானே சிரித்துவிட்டு அழித்துவிடும். கணக்கே படிக்காத அம்மாவும் ஆச்சியும் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்டுக்கொண்டே இருங்கள்.

சரியான வழி: துண்டுகள் ஒரே அளவாக இருந்தால்தான் எண்ணிக் கூட்ட முடியும். அரை என்பது ஆறில் மூன்று, மூன்றில் ஒன்று என்பது ஆறில் இரண்டு, மொத்தம் ஆறில் ஐந்து. மீச்சிறு பொது மடங்கு என்று பாடத்தில் பயமுறுத்துகிற பெயரோடு வருவது இந்த ஒரே அளவுத் துண்டைத் தேடுகிற வேலைதான்.

இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சொத்து இருக்கிறது, நாம்தான் கொடுக்காமல் விட்டுவிட்டோம். நம் சொற்களிலேயே பின்னம் இருக்கிறது. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. சொல்லைச் சொல்லும்போதே அரையையும் காலையும் பெருக்கிவிட்டோம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இதற்குக் கீழும் போனார்கள். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி. கூட்டிப் பாருங்கள்: இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு. அதோடு எண்பதில் ஒன்று சேர்ந்தால் எண்பதில் ஐந்து. ஐந்தால் சுருக்கினால் பதினாறில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிற கணக்கு. இதைவிட அழகான பொது மடங்குப் பாடம் எந்த மொழியிலும் எளிதில் கிடைக்காது.

பின்னத்தால் வகுப்பதற்கு "தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், எதைத் திருப்புவது என்று பிள்ளை மறந்துவிடும். "மூணுல எத்தனை கால் இருக்கு?" என்று கேளுங்கள். பன்னிரண்டு என்று உடனே வரும். "இரண்டரையில் எத்தனை ஒன்றேகால்?" இரண்டு. இப்படிப் பத்துக் கணக்கு வாயால் போட்ட பிறகு விதியைச் சொன்னால் நிற்கும்.

பின்னத்தில் அடிக்கிற வேலை ஒன்று இருக்கிறதே, அதையும் கவனிக்க வேண்டும். மேலே 3 கூட்டல் 6, கீழே 3. பிள்ளை மூன்றையும் மூன்றையும் அடித்துவிட்டு 6 என்று எழுதும். உண்மையில் மேலே 9, கீழே 3, விடை 3. பெருக்கலில் கட்டியிருப்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலில் நிற்பதை அடிக்கக் கூடாது. எண்ணில் இது புரியாத பிள்ளை பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளைச் சுருக்கும்போது எக்ஸையும் எக்ஸையும் கண்ட இடத்தில் அடிக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 3.45 பெரிது என்று எழுதிய பிள்ளை, 45 ஆறை விடப் பெரிது என்று பார்க்கிறது. புள்ளிக்குப் பிறகு வருவதைத் தனி எண்ணாகப் படிக்கிறது. ரூபாயும் பைசாவும் இந்தத் தப்பை மறைத்து வைத்திருக்கின்றன, அங்கே எப்போதும் இரண்டு இலக்கம் இருப்பதால். 3.6 என்பதை 3.60 என்று எழுதச் சொல்லுங்கள், தெளிந்துவிடும். மூன்று புள்ளி நாற்பத்தைந்து என்று படிக்காமல் மூன்று புள்ளி நான்கு ஐந்து என்று படிக்கிற வழக்கமும் உதவும்.

நேரம் இன்னும் மோசம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு 54 கிலோமீட்டர், பஸ் ஒன்றரை மணி நேரம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 1 மணி 30 நிமிடத்தை 1.30 என்று எழுதி, 54-ஐ 1.3-ஆல் வகுத்து, வேகம் ஏறக்குறைய 41.5 என்று சொல்லும். ஒன்றரை என்பது 1.5. விடை மணிக்கு 36 கிலோமீட்டர். மணிக்கு 60 நிமிடம், புள்ளிக்கு அடிப்படை 10. அடி, அங்குலத்திலும் இதே கதைதான்: ஐந்து அடி ஆறு அங்குலம் 5.6 அடி ஆகாது, 5.5 அடி.

நான்காவது விடை 0.06. 0.6 என்று எழுதியிருந்தால் மறுபடியும் அதே கேள்விதான்: 0.3-இல் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் 0.3-ஐ விடக் கூடுமா? பெருக்கினால் எப்போதும் கூடும் என்ற நினைப்பு சின்ன வகுப்பில் முழு எண்ணோடு வந்தது. ஆறாம் வகுப்பிலேயே அதை உடைத்திருக்க வேண்டும்.

இதனால்தான் கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால் தோராய விடையை ஓரத்தில் எழுதச் சொல்கிறோம். மாடியில் ஒரு உருளைத் தொட்டி. விட்டம் 4.2 மீட்டர், உயரம் 5 மீட்டர். ஆரம் 2.1. தோராயமாக 3 பெருக்கல் 4 பெருக்கல் 5, அறுபது கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். இப்போது 22/7 வைத்துப் போட்டால் 69.3 வருகிறது, 69,300 லிட்டர். புள்ளி இடம் மாறி 6.93 என்றோ 693 என்றோ வந்தால் ஓரத்தில் இருக்கிற அறுபது காட்டிக்கொடுத்துவிடும். இருநூறுக்கும் மேல் வந்தால் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருக்கிறார்கள். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. அந்த ஓரத்து எண்தான் துணை.

வாய்ப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒப்பிப்பது பாதி வேலை. 56 என்று கேட்டதும் ஏழும் எட்டும் மனதில் வர வேண்டும், பதினான்கும் நாலும் வர வேண்டும். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 15 எக்ஸ் பிளஸ் 56-ஐக் காரணிப்படுத்துகிறபோது தேவைப்படுவது இந்தப் பின்வழி வாய்ப்பாடு. வாய்ப்பாடு தெரிந்தும் காரணிப்படுத்தல் வராத பிள்ளைக்கு இதுதான் குறை.

ஐந்தாவது விடை 1,000 ரூபாய். 1,180-இல் 18 சதவீதம் கழித்தால் 967 ரூபாய் 60 காசு வரும், அது தப்பு. வரி போட்டது 1,000-இன் மேல், 1,180-இன் மேல் இல்லை. எதில் இத்தனை சதவீதம் என்பதைக் கேட்காமல் சதவீதக் கணக்கைத் தொடவே கூடாது. 1,180-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும்.

வீட்டில் எப்படிப் பழகுவது? தினம் கால் மணி நேரம் போதும், ஆனால் தினம் வேண்டும். தப்பான கணக்கை அழிக்க விடாதீர்கள். ஒரு தனி நோட்டில் தப்பான அந்த ஒரு வரியை மட்டும் எழுதி, பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதச் சொல்லுங்கள்: குறி, பின்னம், புள்ளி, வாய்ப்பாடு, அவசரம். இரண்டு வாரம் கழித்து எந்தச் சொல் அதிகம் என்று எண்ணினால், எதைப் பழக வேண்டும் என்று தெரிந்துவிடும். குறி அதிகம் என்றால் பின்னக் கணக்கில் நேரத்தைப் போக்க வேண்டாம்.

வீட்டு வேலையிலும் கணக்கு கிடக்கிறது. பீடி சுற்றுகிற வீட்டில் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஆயிரத்துக்கு 240 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 650-க்கு எவ்வளவு? நூறுக்கு 24, அறுநூறுக்கு 144, ஐம்பதுக்கு 12, மொத்தம் 156. அம்மா மனதில் போடுகிற இந்தக் கணக்குக்குப் பாடத்தில் பங்கீட்டுப் பண்பு என்று பெயர். பிள்ளையிடம் அதைச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கு தாமிரபரணியில் இருக்கிறது. பாபநாசம் அணைக்கு விநாடிக்கு 500 கன அடி தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எவ்வளவு? ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 8.64 பெருக்கல் பத்தின் 4 அடுக்கு. 500 என்பது 5 பெருக்கல் பத்தின் 2 அடுக்கு. எண்களைப் பெருக்கினால் 43.2, அடுக்குகளைக் கூட்டினால் 6. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் குறியீட்டில் புள்ளிக்கு முன்னால் ஒரே இலக்கம்தான் நிற்க வேண்டும், ஆகவே 4.32 பெருக்கல் பத்தின் 7 அடுக்கு. 4 கோடியே 32 லட்சம் கன அடி. பத்து லட்சம் ஒரு மில்லியன் என்பதால், பத்திரிகையில் இதையே 43.2 மில்லியன் கன அடி என்று போடுவார்கள். ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர்; அப்படிப் பார்த்தால் சுமார் 122 கோடி லிட்டர்.

நாளைக் காலை அணை நிலவரத்தில் நீர்வரத்தைக் கேட்டதும், பிள்ளை முதலில் தோராயத்தை ஓரத்தில் எழுதட்டும்: 86,400-ஐ 90,000 என்று எடுத்துக்கொண்டால் வாயாலேயே வந்துவிடும். பிறகு முழுக் கணக்கையும் போடட்டும். விடை தோராயத்தைக் காட்டிலும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால், முதலில் பூஜ்யங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.