நடக்கச் சொல்கிறார் மருத்துவர், எங்கே நடப்பது?

(காட்சி: கொழிஞ்சாம்பாறைக் கடைவீதி, காலை நேரம்)

வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து எல்லையைக் கடந்து பாலக்காடு மாவட்டத்துக்குள் வந்த பிறகும் தமிழ் தொடர்ந்து காதில் விழும் ஊர்களில் ஒன்று கொழிஞ்சாம்பாறை. இங்கே சர்க்கரை நோய் என்று தெரியவந்த எவரிடமும் மருத்துவர் தவறாமல் சொல்வது, "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்பதுதான். அதைக் கேட்ட நோயாளி வெளியே வந்து கால் வைக்கும் தெரு நடக்க விடுகிறதா என்பதை இன்று பார்ப்போம்.

(காட்சி: கால் தசையின் வரைபடம்)

நடக்கும்போது சுருங்கி விரியும் தொடை, கெண்டைக்கால் தசைகள், இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலும் இந்த வழி திறந்திருப்பதால், சாப்பிட்டபின் சிறிது தூரம் நடப்பவருக்குச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. கேரளத்துக்கு இது மிக அவசியமான செய்தி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, இங்கு வயதுவந்தோரில் 25.5 சதவீதம் பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு, சர்க்கரை நோய் உள்ளது.

1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு, லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டியது. உடற்பயிற்சி செய்யும் எண்ணத்தோடு அவர்கள் படியேறவில்லை. வேலை அவர்களை ஏற வைத்தது. ஊரும் அப்படி நடக்க வைக்க முடியும். ரேஷன் கடையும் பள்ளியும் பால் சொசைட்டியும் நடக்கும் தூரத்தில் இருந்து, போகும் வழியும் அச்சமில்லாமல் இருந்தால், உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வாரம் 150 நிமிடத்தில் பெரும்பங்கு அன்றாட வேலைகளிலேயே சேர்ந்துவிடும்.

(காட்சி: சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கும் மூதாட்டி)

சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அதற்குமேல் போனால் முட்டிவலி உள்ளவர் ஏறுவது சிரமம். நம் கடைவீதிகளிலோ வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்திய பைக்குகளும் உடைந்த சாக்கடை மூடிகளுமே மிஞ்சுகின்றன. பேருந்து வரும்போதெல்லாம் ஒதுங்க இடம் தேடவேண்டிய மூதாட்டி, சில நாளில் நடப்பதையே விட்டுவிடுகிறார்; அவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

நிழலும் இதே அளவு முக்கியம். பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி, சித்திரை வெயிலில், சாலையை அகலப்படுத்த வெட்டிய ஒவ்வொரு புளியமரத்தோடும் நடக்கக்கூடிய நேரம் சுருங்குகிறது.

கேரளத்தில் வார்டு கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். உடைந்த மூடி எந்த இடத்தில் உள்ளது, பள்ளி வாசலில் குழந்தைகள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள், எந்த வளைவில் மரம் நட இடமுண்டு என்று நடந்து பார்த்து எழுதி, அங்கே கொடுங்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளின் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுத, கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.