எட்டு போர் தோட்டாவைத் தேடி

வணக்கம் நேயர்களே. பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. புலியைச் சுட்ட துப்பாக்கியைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாத்து வேட்டைக்கென்றே செய்த பெருங்குழல் துப்பாக்கி என்றால் மட்டும் கண் விரியும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

12 போர் துப்பாக்கி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தப் 'போர்' சண்டையல்ல, குழல் துளையின் அளவைச் சொல்லும் ஆங்கிலச் சொல் (bore). குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும், அதுதான் கணக்கு. எண் குறையக் குறையக் குழல் பருக்கும். 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். எட்டு போர் 21, நாலு போர் 26-ஐத் தாண்டும். அதற்கும் மேலே 'பண்ட் கன்'. அதைத் தோளில் வைத்துச் சுட முடியாது. தட்டையான சிறு படகில் கட்டிவிட்டு, வேட்டைக்காரர் குப்புறப் படுத்துப் படகையே திருப்பிக் குறிபார்ப்பார். ஒரே வெடிக்கு ஒரு பவுண்டு ஈய ரவை, அதாவது சிறு ஈயக்குண்டுகள், போகும்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கடலோரத்துக் கீஹேவனில் வேட்டையாடிய கர்னல் பீட்டர் ஹாக்கர் இப்படி ஓர் இரட்டைக் குழல் வைத்திருந்தார். மருந்தைப் பற்றவைக்க ஒரு குழலுக்குச் சக்கிமுக்கிக் கல், மற்றதற்குத் தட்டினால் வெடிக்கும் கேப்பு. கேப்பு உடனே வெடிக்கும், சக்கிமுக்கி ஒரு கணம் பிந்தும். முதல் வெடிக்கு எழும்பும் கூட்டத்தை இரண்டாவது வெடி பிடித்துவிடும். கொடூரமான மூளைதான், ஆனாலும் மூளை!

அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் இது பிழைப்பாகவே நடந்தது. சுட்ட வாத்துகள் பெருநகரச் சந்தைகளுக்குப் போயின. பறவைகள் குறைந்த பிறகுதான் சட்டம் விழித்தது. வலசைப் பறவைகளைக் காக்க 1918இல் வந்த சட்டத்தை ஒட்டி, 10 போரைவிடப் பருத்த குழல் கொண்ட துப்பாக்கியால் அவற்றை வேட்டையாடக் கூடாது என்றார்கள்.

சரி, துப்பாக்கி இரும்பு, எங்காவது பரணில் கிடக்கும். தோட்டா அப்படியல்ல. சுட்டுத் தீர்ப்பதற்கென்றே செய்த பொருள் அது. அதனால் துப்பாக்கியைவிட அதன் தோட்டாதான் எனக்குப் பெரிது. ஈலி, கைனாக் போன்ற கம்பெனிகளின் பழைய எட்டு போர் தோட்டாவைக் கையில் எடுத்தால், அடியில் பித்தளை, மேலே காகிதக் குழாய், உள்ளே மடித்துச் சுருட்டிய விளிம்பு. அந்த விளிம்புக்குள் ஒரு வட்ட அட்டை, அதில் ரவையின் பருமனைச் சொல்லும் எண். ஈரம் பட்டால் காகிதம் உப்பும், அட்டை எண் மங்கும். தோட்டாவைவிட அரிது அது வந்த அட்டைப்பெட்டி. காலியானதும் யார் பத்திரப்படுத்தினார்கள்?

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: பித்தளையில் களிம்பு இருக்கிறதே என்று குத்துவிளக்குபோலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அதில் பதித்த கம்பெனி முத்திரை தேயும், மதிப்பும் போகும். அப்புறம், இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். அந்தக்காலக் கரிமருந்தை நம்பிச் செய்த அந்தக் குழல் புதிய மருந்தின் அழுத்தத்தில் வெடித்துச் சிதறலாம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. எட்டு போர் தோட்டா இன்றும் தயாராகிறது, சிமென்ட் சூளைகளுக்குள் இறுகிப்போன கட்டிகளைச் சுட்டு உடைக்க. விற்பவர் அதையும் "அரிய பழம்பொருள்" என்பார். காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கூடு தெரிந்தால், விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.