கதையிலிருந்து தெருவுக்கு வந்த கொடிகள்

நண்பர்களே,

பல நாடுகளில் இளைஞர்கள் சினிமாவிலும் காமிக்ஸிலும் வரும் சின்னங்களோடு போராட வருகிறார்கள். "கார்ட்டூன் கொடியைப் பிடித்துக்கொண்டு புரட்சியா?" என்று நம் வயதுக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம்.

2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேர் அரசியலுக்காகக் கூடினாலே குற்றம். அப்போதுதான் எதிர்ப்பாளர்கள், 'தி ஹங்கர் கேம்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் வருவதுபோல மூன்று விரல்களைச் சேர்த்து உயர்த்த ஆரம்பித்தார்கள். பொது இடத்தில் அப்படிச் செய்தால் பிடிப்போம் என்றது ராணுவம். நவம்பரில் கோன் கேன் நகரில் ஆட்சியைப் பிடித்துப் பிரதமரான பிரயுத் பேசிக்கொண்டிருந்தபோது, மாணவர்கள் ஐந்து பேர் அவர் எதிரிலேயே விரல்களை உயர்த்தினார்கள். உடனே பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தில் வரும் கொடுங்கோலாட்சியும் அந்தச் சைகையைக் கண்டால் தண்டிக்கத்தான் செய்யும். ஆக, கதையில் தான் யார் என்பதை ராணுவம் தன் கையாலேயே காட்டிக்கொடுத்துவிட்டது! ஒரு கட்சிக் கொடியால் இதைச் செய்ய முடியுமா? கதை எல்லாருக்கும் முன்பே தெரியும் என்பதுதான் இந்தச் சின்னங்களின் பலம். விளக்கம் சொல்லத் தேவையே இல்லை.

2021இல் மியான்மரிலும் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. அந்நாட்டுத் தூதர் க்யாவ் மோ துன், ஐ.நா. பொதுச்சபையில் அதே மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாளே அவரைப் பதவிநீக்கம் செய்ததாக ராணுவம் அறிவித்தது. இனி இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யார் சொல்வது?

அப்புறம் அந்தக் கார்ட்டூன் கொடி, கடற்கொள்ளையர் கொடி. ஜப்பானில் 1997 முதல் வந்துகொண்டிருக்கும் 'ஒன் பீஸ்' காமிக்ஸில், கொடுங்கோல் அரசை எதிர்க்கும் கொள்ளையர்களின் சின்னம் அது: வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோடு. 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் சுதந்திர தினத்துக்கு முன்பே பறந்தது. நாட்டைப் பிளக்கும் முயற்சி என்று அரசியல்வாதிகள் சிலர் சாடினார்கள். செப்டம்பரில் காத்மாண்டுவில், நேபாள அரசின் தலைமையகமான சிங்க தர்பார் வாசலில் தொங்கியது.

மடகாஸ்கரில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரும் மின்சாரமும் கேட்டுத் தெருவுக்கு வந்த இளைஞர்கள், மண்டையோட்டின் வைக்கோல் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தங்கள் நாட்டின் பெட்சிலேயோ மக்கள் அணியும் தொப்பியை மாட்டினார்கள். இரவல் வாங்கியதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் அக்டோபரில் அதிபர் நாட்டைவிட்டுப் போனதும் ஆட்சி ராணுவத்தின் கைக்குத்தான் போனது. கொடி கூட்டத்தைச் சேர்க்கும். அடுத்து ஆள்வது யார் என்பதை அதனால் முடிவு செய்ய முடியாது. தாய்லாந்து மாணவர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். 2020இல் திரும்பத் தெருவுக்கு வந்தபோது விரல்களோடு மூன்று கோரிக்கைகளும் இருந்தன: நாடாளுமன்றத்தைக் கலைக்க வேண்டும், புதிய அரசியல் சாசனம் வேண்டும், மக்களைத் துன்புறுத்துவதை நிறுத்த வேண்டும். பெரியவர்கள் வாதம் செய்ய விரும்பினால், இந்தக் கோரிக்கைகளோடு செய்யட்டும்.