‘சோலோ’: ஒரு தத்துப்பிள்ளையின் கதை ஏன் கவிதையில் எழுதப்பட்டது?

[திரையில்: மேடையில் தனியே சாய்த்து வைக்கப்பட்ட கிட்டார்]

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர்கள் குவாமே அலெக்சாண்டரும் மேரி ராண்ட் ஹெஸ்ஸும் இணைந்து எழுதி 2017இல் வெளிவந்த ‘சோலோ’, பதின்பருவத்தினருக்கான நாவல். முழுவதும் கவிதையால் ஆனது. கவிதை என்றதும் எதுகை மோனையைத் தேட வேண்டாம். நம் புதுக்கவிதையைப் போலப் பேச்சோட்டத்தில் செல்லும் வரிகள் இவை. நாயகன் எழுதும் பாடல்களும் இடையிடையே வருகின்றன.

நாயகன் பிளேட் மாரிசனுக்கு வயது 17. தந்தை ரதர்ஃபோர்ட், புகழின் உச்சியிலிருந்து போதைப் பழக்கத்தில் சரிந்த ராக் பாடகர். தாய் இறந்துவிட்டார். இந்நிலையில் தான் தத்தெடுக்கப்பட்டவன் என்பது பிளேடுக்குத் தெரியவருகிறது. பெற்ற தாயைத் தேடி மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவுக்குப் புறப்படுகிறான். கதையை இதற்கு மேல் சொல்வது, படிக்கப்போகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இதை உரைநடையில் எழுதியிருந்தால் எதை இழந்திருப்போம்? நாவலிலிருந்து எடுக்காமல், நானே எழுதிய ஒரு வாக்கியத்தைக் காட்டுகிறேன்.

[திரையில், ஒவ்வொரு வரியாக:
நான் உங்கள் மகன்
இல்லை என்று
ஏன் ஒருவரும்
சொல்லவில்லை?]

ஒரே மூச்சில் எழுதினால் இது வெறும் முறையீடு. ‘மகன்’ என்ற சொல்லோடு வரியை முறித்ததும், அந்த ஒரு கணம் அவன் மகனாகவே நிற்கிறான். கண் கீழே இறங்கிய பிறகுதான் ‘இல்லை’ வந்து விழுகிறது. வளர்த்தவர்களின் பிள்ளை என்பதும் மெய், அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை என்பதும் மெய் என்னும் நிலையில் தவிக்கும் ஒருவனின் மனத்தை, ‘ஆனால்’ என்ற சொல்லின் துணைகூட இல்லாமல் இந்த வரிமுறிப்பு காட்டிவிடுகிறது.

இசையை இந்த நாவல் கையாளும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இசை ரத்தத்தில் ஊறியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிளேடுக்கோ அது வளர்ந்த வீட்டின் சொத்து. எந்தத் தந்தையை நினைத்து வெட்கப்பட்டு விலகி ஓடுகிறானோ, அவருடைய கலைதான் அவன் விரல்களில் இருக்கிறது. எவ்வளவு தொலைவு போனாலும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போக அவனால் முடிவதில்லை.

இதன் ஒலிநூலை அலெக்சாண்டரே வாசித்திருக்கிறார். பாடல்களை ராண்டி பிரெஸ்டன் பாடியிருக்கிறார். முதலில் அச்சு நூலைக் கண்ணால் படித்துவிட்டு, அதன் பிறகு இதைக் கேளுங்கள். வரி முறியும் இடங்களில் எங்கே நிறுத்துகிறார், எங்கே நிற்காமல் கடக்கிறார் என்பது அப்போதுதான் காதில் விழும்.