சிம்லிங்க் வைத்ததும் மைஎஸ்க்யூஎல் ஏன் எழ மறுக்கிறது?

அடுத்த கேள்வி. உபுண்டு கணினியில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள சர்வரை வைத்திருக்கிறார் ஒரு நேயர். முதல் டிஸ்க்கில் இடம் போதவில்லை. அதனால் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் கோப்புறையை இரண்டாவது டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டுப் பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க் (புதிய இடத்தைச் சுட்டும் இணைப்பு) வைத்திருக்கிறார். சர்வர் தொடங்கவில்லை. லாகில் ‘எர்கோடு 13, பெர்மிஷன் டினைடு’ என்று வருகிறது. “777 கொடுத்துவிட்டேன், சூடோ போட்டு எல்எஸ் கொடுத்தால் எல்லாக் கோப்பும் தெரிகிறது, அப்புறம் யார் தடுக்கிறார்கள்?” என்று கேட்கிறார்.

முதலில் அந்த 777-ஐ, அதாவது எல்லோருக்கும் படிக்க, எழுத, இயக்கத் தரும் அனுமதியை, திரும்ப எடுத்துவிடுங்கள். கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 போதும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையில் இருக்கும் அமைப்புக் கோப்பை மைஎஸ்க்யூஎல் படிக்கவே மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் இன்னும் கறார்: தரவுக் கோப்புறை 0700 அல்லது 0750 ஆக இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது. அனுமதிப் பிரச்சினை என்றதும் 777 அடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே அது இன்னொரு கோளாறைத்தான் கூட்டும்.

சிம்லிங்க் என்பது ‘கடை இடம் மாற்றப்பட்டுள்ளது’ என்று தொங்கவிட்ட பலகை, அவ்வளவுதான். அதில் தெரியும் ‘எல்லோருக்கும் எல்லாம்’ என்ற அனுமதிக்கு லினக்ஸில் மதிப்பு இல்லை. சோதனையெல்லாம் புதிய முகவரிக்குப் போகிற வழியில் நடக்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் மைஎஸ்க்யூஎல் என்ற பயனருக்குக் கடந்து செல்லும் அனுமதி, அதாவது எக்ஸ், இருந்தாக வேண்டும். சூடோவுடன் பார்த்தால் நீங்கள் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகியாகப் பார்க்கிறீர்கள்; ரூட்டுக்கு எந்தக் கதவும் மூடியிருக்காது. ‘சூடோ -யு மைஎஸ்க்யூஎல் எல்எஸ்’ என்று அந்தப் பயனராகவே பார்த்தால் உண்மை தெரியும்.

வழியில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க ‘நேம்ஐ -எல்’ என்ற கட்டளைக்கு அந்தப் பாதையைக் கொடுங்கள். வேரிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும்; சிம்லிங்க் வந்தால் அது சுட்டும் இடத்துக்குள்ளும் போய்க் காட்டும். நேயர் அனுப்பிய பாதை /மீடியா என்று தொடங்குகிறது. டெஸ்க்டாப் தானாக இணைத்த டிஸ்க் அது. அங்கே /மீடியா-வுக்குள் உங்கள் பெயரில் உள்ள கோப்புறை ரூட்டுக்குச் சொந்தம். உங்களுக்கு மட்டும் தனியாக அனுமதி சேர்க்கப்பட்டிருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே 777 கொடுத்து என்ன பயன், வாசலிலேயே நிறுத்திவிட்டார்களே! கணினி தொடங்கும்போது எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, /டேட்டா போன்ற இடத்தில் டிஸ்க்கை இணையுங்கள். நீங்கள் லாகின் செய்த பிறகு இணையும் டிஸ்க்கை நம்பித் தரவுத்தளம் நடத்தவும் முடியாது. டிஸ்க் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் என்றால், லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

கோப்புகளின் உரிமையாளரை மைஎஸ்க்யூஎல் பயனராக மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ‘சிஹெச்ஓன் -ஆர்’ கட்டளையை சிம்லிங்க்கின் பெயரில் கொடுத்தால் லிங்க்கின் உரிமையாளர் மட்டும் மாறும். உள்ளே இருக்கும் கோப்புகள் அப்படியே கிடக்கும். பிழைச் செய்தியும் வராது, எல்லாம் முடிந்தது போலவே தோன்றும். நிஜப் பாதையைக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் செய்தபின்னும் அதே 13 வரலாம். அப்போது தடுப்பது ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவல். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் எந்தெந்தப் பாதைகளைத் தொடலாம் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. சிம்லிங்க்கைத் தாண்டி நிஜப் பாதையைத்தான் அது பார்க்கும். /டேட்டா அந்தப் பட்டியலில் இல்லை. ‘ஜர்னல்சிடிஎல் -கே’ கொடுத்து ‘டினைடு’ என்ற சொல்லைத் தேடினால், எந்தப் பாதை மறுக்கப்பட்டது என்று அந்த வரியிலேயே இருக்கும். ஆப்ஆர்மர் அமைப்பின் ‘லோக்கல்’ கோப்புறையில் மைஎஸ்க்யூஎல்டிக்கு (சர்வர் நிரலின் பெயர்) உரிய கோப்பில் இரண்டு வரி சேருங்கள்: கோப்புறைக்குப் படிக்கும் அனுமதி, பாதையின் முடிவில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டு, உள்ளே உள்ளவற்றுக்குப் படிக்க, எழுத, பூட்ட அனுமதி. வரி முடிவில் காற்புள்ளி கட்டாயம். பிறகு ஆப்ஆர்மரை ரீலோட் செய்யுங்கள். ஆப்ஆர்மரையே அணைத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டு வரிக்குச் சோம்பல்பட்டு காவலையே நீக்குவானேன்?

ரெட்ஹேட் வகை லினக்ஸில் ஆப்ஆர்மரின் இந்த வேலையை எஸ்ஈலினக்ஸ் பார்க்கிறது. அங்கே ‘செமானேஜ்’ மூலம் புதிய பாதைக்கு மைஎஸ்க்யூஎல் தரவுக்கான அடையாளத்தைப் பதிந்து, ‘ரீஸ்டோர்கான்’ ஓட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், சிம்லிங்க்கே வேண்டாம். அமைப்புக் கோப்பில் ‘டேட்டாடிர்’ வரியில் புதிய பாதையை நேரடியாக எழுதிவிடுங்கள். ஆப்ஆர்மர் வரிகள் அப்போதும் தேவைதான். ஆனால் தரவு எங்கே இருக்கிறது என்று அடுத்து வருபவர் தேட வேண்டியிருக்காது. அதற்குப் பிறகும் தொடங்கவில்லை என்றால், நேம்ஐ காட்டியதையும் அந்த ‘டினைடு’ வரியையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கலாம்.