கோத்தகிரியில இருந்து ஓ.எச்.எல்.: ஐஸை விட பசங்க கதை பெருசு

வணக்கம்ங்க, கோத்தகிரியில இருந்து பேசறேன். போன வீடியோல ஐஸ் ஹாக்கின்னு சொன்னதும் கமெண்ட்ல பாதிப்பேர் கேட்டது, "உங்க ஊர்ல உறைபனி விழும், சரி, அதுக்காக ஐஸ் ஹாக்கியா?" இங்க ஜனவரில உறைபனி விழுந்தா தேயிலைக் கொழுந்து கருகும், அவ்ளோதாங்க. நான் பாக்கறது கனடால நடக்கற ஓ.எச்.எல்., அதாவது ஒன்டாரியோ ஹாக்கி லீக். ஆடறது பெரும்பாலும் 16ல இருந்து 20 வயசுப் பசங்க.

20 டீம், ஒவ்வொரு டீமுக்கும் 68 மேட்ச். செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் ஓடும். அங்க ராத்திரி 7 மணி மேட்ச்சுன்னா நமக்கு விடிகாலை 4.30. நவம்பர்ல அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சிருவாங்க, அப்புறம் இங்க 5.30. குளிர் ஏறற நேரத்துல கூடக் கொஞ்சம் தூங்கலாம், வேற என்னங்க வேணும்!

ஒருநாள் எங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "இந்தப் பசங்களுக்கு யாரு கண்ணு சோறு போடறா?"ன்னு கேட்டாங்க. இந்த லீக் பத்தி யாரும் கேட்காத நல்ல கேள்வி அதுதான். பையன 15, 16 வயசுலயே டீம் டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க முறை வெச்சு ஆளெடுக்கறதுல, எடுத்துரும். அவன் வீட்ட விட்டுட்டு அந்த ஊர்ல முன்னப்பின்ன தெரியாத ஒரு குடும்பத்தோட தங்கணும். பில்லெட் குடும்பம்னு சொல்வாங்க. சாப்பாடு, துணி, ஸ்கூல் எல்லாம் அங்கதான். நம்ம பசங்களாவது பிளஸ் டூ முடிச்சிட்டுத்தான் கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போறாங்க. சூ செயின்ட் மரீ டீமுக்கு ஒட்டாவால மேட்ச்சுன்னா போக மட்டும் 800 கிலோமீட்டர் வருது, பஸ்லதான்.

எனக்குச் சுத்தமா புடிக்காதது ஜனவரி டிரேடு. கப்பு அடிக்கணும்னு நெனக்கற டீம் 19 வயசுக்காரன வாங்கும், பதிலுக்கு சின்னப் பசங்களையும் டிராஃப்ட் வாய்ப்பையும் குடுக்கும். டி.வி.ல அத ஏதோ மாட்டுச் சந்தை மாதிரி பேசுவாங்க. பாதி வருஷத்துல ஸ்கூலும் மாறுது, வீடும் மாறுது. விளையாட்டுன்னா அப்படித்தான்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும், எனக்கு மனசு ஒப்பலைங்க.

அவ்ளோ பண்ணியும் கப்பு நிச்சயமில்ல. பிளேஆஃப்ல 16 டீம், நாலு சுற்று, ஒவ்வொண்ணுலயும் நாலு மேட்ச் ஜெயிக்கணும். இன்னைக்கு ஐஸ் ஹாக்கில பெரிய ஸ்டாரா இருக்கற கானர் மெக்டேவிட் 2014-15ல இந்த லீக்ல ஈரி ஆட்டர்ஸ் டீமுக்கு ஆடறப்ப ஒரு சண்டைல கைய உடைச்சிக்கிட்டாரு. அப்பவும் 47 மேட்ச்ல 120 பாயிண்ட், அதாவது அவர் போட்ட கோலும், கோல் போட உதவினதும் சேத்து! ஆனா ஃபைனல்ல அவர் டீமத் தோக்கடிச்சு ஜெயிச்சது ஓஷாவா ஜெனரல்ஸ். ஓ.எச்.எல். சேத்து கனடாவுல இருக்கற மூணு பெரிய ஜூனியர் லீக் சாம்பியனும், நடத்தற ஊரு டீமும் மோதறது மெமோரியல் கப். முதல் உலகப்போர்ல செத்த வீரர்கள் நினைவா 1919ல ஆரம்பிச்சது. 2025ல லண்டன் நைட்ஸ் எடுத்தாங்க. இங்கிலாந்து லண்டன் இல்லைங்க, ஒன்டாரியோல ஒரு லண்டன் இருக்கு.

இப்ப ஆட்டமே மாறுது. முன்னாடி இந்த லீக்ல ஆடினா அமெரிக்கக் காலேஜ் ஹாக்கி கதவு மூடிரும். 2025 ஆகஸ்ட்ல இருந்து அது தொறந்தாச்சு. மேற்குக் கனடா லீக்ல மெடிசின் ஹாட் டீமோட கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட்ங்கற அமெரிக்க யுனிவர்சிட்டிக்குப் போயிட்டாரு. பசங்களுக்கு நல்லது, டீம்களுக்குத்தான் தலவலி. 19 வயசுக்காரங்க காலேஜுக்குக் கெளம்பிட்டா ஜனவரில யார வாங்குவாங்க? உங்களுக்கு எதாச்சும் தோணுச்சுன்னா கமெண்ட்ல போடுங்க.