ஆடம்ஸ் வீட்டின் கடைக்குட்டி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸை உயர்த்தியது குடும்பப் பெயரா, சொந்த உழைப்பா என்பது தலைப்பு. தாத்தா ஜான் ஆடம்ஸ் அமெரிக்காவின் 2-வது அதிபர், அப்பா ஜான் குவின்சி ஆடம்ஸ் 6-வது அதிபர். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் எதிரணி நண்பர்.

சரி, அந்தக் குகையில் வளர்ந்த குட்டிகள் மூன்று. மூத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஆடம்ஸ். அவரும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குப் போனவர்தான். 1829-ல், 28 வயதில், நீராவிக் கப்பலிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்தவர் ஜான், 1823-ல் ஹார்வர்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 31 வயதில் போய்ச் சேர்ந்தார். மூவருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒரே கண்டிப்பான அப்பா. அந்தப் பெயரைச் சுமப்பதே பாதி வேலை என்பேன் நான்.

1840-ல் நடந்த மாசசூசெட்ஸ் சட்டமன்றத் தேர்தலில் சார்லஸுக்குக் கதவைத் திறந்தது பெயர்தான், மறுக்கவில்லை. மாமனார் பாஸ்டனின் பெரும் பணக்காரர், அதுவும் உண்மை. உள்ளே போன பிறகு என்ன செய்தார்?

1842 அக்டோபரில், வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து தப்பிவந்த ஜார்ஜ் லாட்டிமரைப் பாஸ்டனில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஊர் கொதித்தது. 400 டாலர் கொடுத்து அவரை மீட்டார்கள். அதோடு நிற்காமல், 64,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை மாநிலச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்குத் தலைவர் நம் சார்லஸ். 1843-ல் சட்டம் வந்தது: தப்பிவந்தவரைப் பிடிக்க மாநில அதிகாரி எவரும் உதவக் கூடாது, மாநிலச் சிறையில் அடைக்கவும் கூடாது. பருத்தி ஆலை முதலாளிகள் நிறைந்த மாநிலம் அது. அந்தப் பருத்தியைப் பறித்த கைகள் யாருடையவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லண்டனில் சார்லஸ் அமெரிக்கத் தூதராக இருந்த கதையை எங்கள் அணித் தலைவர் சொல்லிவிட்டார், விடுகிறேன். லாட்டிமருக்காக எழுந்த இன்னொரு மனு வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபைக்கும் போனது. அங்கே அதை எடுத்துச் சென்றவர் யார் தெரியுமா? அப்பா, முன்னாள் அதிபர், அப்போது அந்தச் சபையின் உறுப்பினர்! அடிமை முறை பற்றிய மனுக்களைப் பேசவே விடாத விதி அந்தச் சபையில் இருந்தது. அதை உடைக்க அந்தக் கிழவர் ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தார்.

மணி அடிக்கிறீர்கள், இதோ முடித்துவிட்டேன். பெயர் மட்டுமே காரியத்தை முடிக்கும் என்றால், மகனைவிடப் பெரிய பெயர் வைத்திருந்த அப்பாவின் மனுவை ஏன் சபை ஏற்கவில்லை? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.